இரைச்சலை விட்டுவைக்கும் கடை: கீழக்கரையில் ஒரு கேசட் பதிவுச் சேவை

பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் இராமநாதபுரம் வட்டாரத்தில் இன்றும் சில உண்டு. அவற்றுள் கீழக்கரையில் ரேடியோவும் மிக்சியும் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கடையைப் பரிந்துரைக்கிறேன். அங்கே இந்த வேலையைச் செய்பவருக்குக் கருவியோடு பாட்டும் தெரியும் என்பதே காரணம்.

நான் கொடுத்தது, வளைகுடாவில் வேலை பார்த்த என் மாமா எண்பதுகளில் பதிவு செய்து மாமிக்கு அனுப்பிய 60 நிமிடக் கேசட். அதன் முதல் பாட்டு ‘நெஞ்சம் மறப்பதில்லை’. ஸ்ரீதர் இயக்கி 1963-இல் வெளிவந்த அதே பெயருடைய படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, பி.பி. ஸ்ரீநிவாஸும் பி. சுசீலாவும் பாடியது. (பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியதும் அதே ஆண்டில்தான்.) படத்தில் அது முற்பிறவி நினைவோடு பிணைந்திருந்தாலும், பாட்டு சொல்வது பெரும்பாலும் காத்திருந்ததையும் கண் மூடாதிருந்ததையும் என்பதால், கதையே தெரியாதவரும் அதற்குள் தம் பிரிவை வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. ஆண்கள் கடல் கடந்து பிழைக்கப் போகும் இந்த ஊரில், கடற்கரைத் திணையான நெய்தலுக்கு, பிரிவில் வருந்தும் இரங்கலை உரிப்பொருளாக வைத்த இலக்கணத்துக்குத் தனிச் சான்று தேவையில்லை.

இத்தகைய பாட்டைக் கெடுப்பது எளிது. வேறோர் ஊரில் முன்பு செய்து வாங்கிய பதிவில், கேசட்டுக்கே உரிய ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலை மென்பொருளால் முழுவதும் துடைத்திருந்தார்கள். அந்த இரைச்சல் இருக்கும் அலைவரிசையிலேயே பாடகரின் மூச்சும், சகர ஒலிகளின் கூர்மையும், வாத்தியம் அடங்கும் கடைசி நுனியும் இருப்பதால், ஒன்றை வழித்தெடுத்தால் மற்றவையும் உடன் போய்விடுகின்றன. உரத்துப் பாடிய பாட்டு இதைத் தாங்கும். ஸ்ரீநிவாஸைப் போல அடக்கிப் பாடி அந்த அடக்கத்தாலேயே மனத்தில் நின்றவரின் பாட்டு தாங்காது.

கீழக்கரைக் கடைக்காரர் தொடங்குவது நாடாவிலிருந்து. கடற்காற்றின் ஈரத்தால் படிந்திருந்த பூஞ்சையைத் துடைத்தார்; ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்ததால் வேறொன்றை ஒட்டினார். பிறகு பாட்டை ஓடவிட்டு, ஹெட்டின் பக்கத்தில் உள்ள திருகை ஸ்குரூடிரைவரால் மிக மெல்லத் திருப்பி, சுசீலாவின் குரல் தெளிந்த இடத்தில் நிறுத்தினார். பதிவு செய்த கருவியின் ஹெட் இருந்த கோணம் இங்கே பொருந்தாவிட்டால் குரல் மங்கிவிடும். அந்த மங்கலை எந்த மென்பொருளாலும் பின்னால் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இரைச்சலை அவர் ஓரளவே குறைத்தார். பாட்டுக்கு முன் அது கேட்கத்தான் செய்கிறது; பாட்டு தொடங்கியதும் கவனத்திலிருந்து விலகிவிடுகிறது.

இரண்டு பாட்டுகளுக்கு இடையே மாமாவின் பேச்சு பதிவாகியிருந்தது. “நடுவுல பேச்சு வருது காக்கா, வெட்டவா, வைக்கவா?” என்று (காக்கா என்றால் இங்கே அண்ணன்) போனில் என்னிடம் கேட்டுக்கொண்ட பிறகே மேற்கொண்டு தொட்டார். இந்தக் கேள்விக்காகவே கூடக் கொஞ்சம் பணம் கொடுக்கலாம். மாமியோ பேச்சை ஒருமுறை கேட்டதோடு சரி. பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார். பேச்சில் இருந்தது பெரும்பாலும் அனுப்பிய பணத்தின் கணக்கு.

குறைகளும் உண்டு. கேட்காவிட்டால் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகத் தந்துவிடுவார். பாட்டின் பெயர்களையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். 60 நிமிடக் கேசட்டுக்குப் பதிவு மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் அவசர வேலையை ஏற்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் கடை இருக்காது. நாடா அறுந்திருந்தால் ஒட்டித் தருகிறார். ஒட்டிய இடத்தில் பாட்டு சற்றுத் துள்ளும் என்பதை வேலைக்கு முன்பே சொல்லிவிடுகிறார்.