கோத்திக் மர பீரோ: ராமநாதபுரம் கரையில் யார் சொல்லும் விலையை நம்பலாம்?

கதவுப் பலகையில் மாதா கோயில் சன்னலைப் போலக் கூர்ந்து முடியும் வளைவு, அதற்குள் மூன்றிதழ், நான்கிதழ் செதுக்கல், தலைப்பலகையில் வரிசையாக நிற்கும் முள் கடைசல். கீழக்கரையின் பழைய வீடுகளிலும் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துச் சாமியார் பங்களாக்களிலும் இப்படிப்பட்ட, கோத்திக் எனப்படும் ஐரோப்பிய மாதா கோயில் பாணி பீரோக்கள் கண்ணில் படும். எத்தனை வருடத்துச் சாமான், என்ன விலை போகும் என்ற கேள்விகளுக்கு இங்கே நான்கு இடத்தில் பதில் கிடைக்கிறது: படம் பார்த்து மதிப்பிடும் இணைய சேவைகள், வாசலுக்கு வரும் பழைய சாமான் வியாபாரி, காரைக்குடி பழம்பொருள் கடைகள், உள்ளூர் ஆசாரி. நான்கில் முதலில் காசு கொடுக்க வேண்டியது ஆசாரிக்கு. இணைய சேவையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

படம் பார்த்துச் சொல்லும் சேவையிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள். முன்பக்கப் படம் இரண்டு அனுப்பினால் அநேகமாக ‘கோத்திக் மறுமலர்ச்சிப் பாணி, 19ஆம் நூற்றாண்டு, ஓக் மரம்’ என்று பதில் வரும். இதில் உருப்படியானது பாணி மட்டும்தான். 1834-இல் எரிந்த லண்டன் நாடாளுமன்றத்தை மறுபடி கட்டியபோது அதன் உள் அலங்காரத்தை வடிவமைத்த பியூஜின் (1812–1852) இந்தப் பாணிக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தார். லண்டனில் 1851-இல் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அது இன்னும் பரவியது. ஆனால் நம் பக்கத்தில் அந்த நூற்றாண்டோடு அது முடிந்துவிடவில்லை. சென்னை சாந்தோம் பேராலயத்தை இதே பாணியில் எடுத்துக் கட்டி முடித்ததே 1896-இல்தான். கோயில் சன்னலைப் பார்த்துப் பீரோக் கதவு செதுக்கத் தெரிந்த தச்சர்கள் அதற்குப் பின்னும் இருந்தார்கள். ஆகவே கூர்வளைவு இருப்பதால் பீரோ 1840-களுக்கு முந்தியதாக இருப்பது அரிது என்று சொல்லலாம். எவ்வளவு பிந்தியது என்பதை அந்த வளைவு சொல்லாது.

‘ஓக்’ என்பது இன்னும் மோசமான ஊகம். கருத்துப்போன மரத்தைப் படத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் ஏலப் பட்டியல்களில் பழகிய கண்ணுக்கு ஓக்காகத்தான் தெரியும். இந்தக் கரையில் அது பெரும்பாலும் சாயம் ஏற்றிய தேக்காக இருக்கும். இலங்கை வழியாக வந்திருந்தால் பலா, நெதுன், முதிரை என அங்கே விளையும் எந்த மரமாகவும் இருக்கலாம். 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது, கொழும்புச் சாமான் இங்கே வந்து சேர்வது பெரிய விஷயமாக இருக்கவில்லை. கொழும்புக்குப் பக்கத்து மொரட்டுவைத் தச்சர்கள் ஐரோப்பியப் பாணிகளில் கைதேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி ஆசாரி. அரை நாள் கூலி பேசி, ‘பாலிஷ் போட அல்ல, பார்த்துச் சொல்ல’ என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உப்புத்தாள் கையோடு வந்தால் திருப்பி அனுப்பலாம். தேவையானவை டார்ச், பூதக்கண்ணாடி, அங்குல டேப், காந்தம், கொஞ்சம் ஸ்பிரிட், காது குடையும் பஞ்சுக் குச்சி, நண்டு நிறுக்கும் தொங்கு தராசு. பீரோவைக் காலி செய்து சுவரிலிருந்து 2 அடி நகர்த்துங்கள். இழுக்கக் கூடாது, இரண்டு பேர் அடியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். பழைய கால்கள் உடைவது இந்த இழுப்பில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம். முன்னால் எவ்வளவு வேலைப்பாடு இருந்தாலும் பின்பலகை பிளைவுட்டாக இருந்தால், ஒன்று பீரோ 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அல்லது பின்பக்கம் மாற்றப்பட்டது. மரப்பலகையாக இருந்தால் டார்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள். வில்லாக வளைந்த ரம்பக் கோடுகள் வட்ட ரம்ப மில்லில் அறுத்ததைக் காட்டும். நேர்கோடுகள் ஒரே இடைவெளியில் விழுந்திருந்தால் பட்டை ரம்ப இயந்திரம். நேராக இருந்தும் இடைவெளி கோணல்மாணலாக இருந்தால் இரண்டு ஆள் மேலும் கீழும் நின்று அறுத்த கைவேலை. ஆனால் கை அறுப்பு நம் ஊர்களில் வெகுகாலம் நீடித்தது, அதை மட்டும் வைத்து 1850 என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து இழுப்பறை. பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் மூலையில் புறா வால் போல விரிந்து கோத்துக்கொள்ளும் டவ்டெயில் பற்கள் ஒன்றுக்கொன்று அளவு மாறி, பக்கத்தில் ஊசியால் கீறிய குறிக்கோடு தெரிந்தால் கையால் வெட்டியது. எல்லாப் பற்களும் ஒரே அளவென்றால் இயந்திரம். கதவுச் சட்டத்தில் கழுந்தும் துளையும் சேரும் இடத்தில் மர ஆணி அடித்திருக்கிறதா, அதன் தலை லேசாக வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள மரம் காலப்போக்கில் குறுக்குவாட்டில் சுருங்கும், ஆணியோ நீளவாட்டில் சுருங்காது. அதனால்தான் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதைப் போலியாகச் செய்ய மெனக்கெடுபவர்கள் அரிது.

கீலில் ஒரே ஒரு ஸ்க்ரூவை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். முனை மொட்டையாக, திருப்புளி நுழையும் தலைக்காடி நடுவிலிருந்து விலகி இருந்தால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வேலையாக இருக்க வாய்ப்பு உண்டு. கூர்முனை ஸ்க்ரூ 1840-களின் பிற்பகுதியிலிருந்துதான் பரவியது. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ 1930-களுக்குப் பிந்தியது. ஒரே ஒரு கீலில் மட்டும் நட்சத்திரத் தலை இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எல்லா இடத்திலும் அதுவே இருந்து, பழைய துளை எங்கும் இல்லையென்றால் பீரோவே புதிது.

கடற்கரைக்கு வெளியே எழுதப்பட்ட வழிகாட்டிகள் தவறவிடும் விஷயம் ஒன்று உண்டு. துருவைப் பார்த்து வயது சொல்லக் கூடாது. மண்டபத்து உப்புக்காற்றில் சில வருடங்களிலேயே இரும்பு ஆணி பொரிந்து தலை உதிரும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். மதுரையில் அதே அளவு துருப்பிடிக்கப் பல மடங்கு காலம் ஆகும். இங்கே உலோகத்தைவிட மரமே நம்பகமான சாட்சி. படகு கட்டும் ஆசாரிகள் இதில் கில்லாடிகள், மரத்தையும் ஆணியையும் பற்றி அவர்கள் சொல்வதை நம்பலாம். செதுக்கலையும் மூட்டுகளையும் பற்றி வீட்டுச் சாமான் செய்பவரைக் கேட்பதே நல்லது.

மரத்தை அறிய ஒரு தட்டைக் கழற்றி நிறுத்துப் பாருங்கள். 3 அடி நீளம், 15 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனமுள்ள பலகை தேக்காக இருந்தால் சுமார் 4.3 கிலோ வரும். ஈட்டி மரம் (ரோஸ்வுட்) 5.6 கிலோவுக்குப் பக்கம், முதிரை 6 கிலோவைத் தாண்டும். ஓக் தேக்கைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், எடையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ரேகைக்குக் குறுக்கே பளபளவென்று ஓடும் வெளிறிய கீற்றுகள் இருந்தால் ஓக். அறுத்த முனையில் எண்ணெய்ப் பிசுக்கும் தோல் போன்ற வாசனையும் இருந்தால் தேக்கு. வைரம் பாய்ந்த தேக்கை செல்லு அவ்வளவாகத் தொடாது. ஓரத்து வெள்ளையைத்தான் வண்டு துளைக்கும். துளை விளிம்பு வெளிறி, தரையில் புதுத் தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. நீளவாட்டில் அறுபட்ட சுரங்கம் மேற்பரப்பில் தெரிந்தால் வேறெதற்கோ பயன்பட்ட பழைய மரத்தை மறுபடி இழைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாணி பீரோக்களில் விலையைப் பெரிதாகக் குறைப்பது ஒட்டுவேலை. மாதா கோயில் கிராதியையோ பழைய பீடத்தின் பலகையையோ வெட்டிக் கதவாக மாட்டியிருப்பார்கள். செதுக்கலின் ஓரத்தைப் பாருங்கள். கதவுக்கென்றே செய்ததில் வளைவின் இரு கால்களும் சட்டத்தில் முழுசாக வந்து இறங்கும். வெட்டிச் சேர்த்ததில் ஓர் இதழ் பாதியில் அறுந்து நிற்கும். தலைப்பலகை பிற்பாடு ஏற்றப்பட்டதா என்பதை அதன் அடியில் மறைந்திருக்கும் பாலிஷ் காட்டிக்கொடுக்கும். மறைவான ஓரிடத்தில் ஸ்பிரிட் பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். அரக்குப் பாலிஷ் பிசுபிசுக்கும், இக்காலப் பூச்சுகளான மெலமைனும் பி.யு.வும் (பாலியூரித்தேன்) அசையாது. அசையாவிட்டால் மரத்தைச் சுரண்டிப் புதுப்பித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், விவரம் தெரிந்தவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். காந்தம் பூட்டுக்கு: ஒட்டினால் பித்தளை முலாம் பூசிய இரும்பு. பூட்டில் ‘சப்’, ‘ஹாப்ஸ்’ போன்ற பிரிட்டிஷ் பூட்டு நிறுவனத்தின் பெயரோ எண்ணோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டு தயாரான காலத்தை அது சொல்லும். பீரோவும் அதே காலமா என்பதை, பூட்டைச் சுற்றி வேறு பூட்டுக்கு வெட்டிய பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வாசலுக்கு வரும் வியாபாரி. “உள்ளுக்குள்ள உளுத்துப்போச்சுக்கா, குடுத்துட்டா இடமாச்சும் மிச்சம்” என்று தொடங்குவார். அவர் மனதில் ஓடுவது கன அடிக் கணக்கு. 6½ அடி உயரம், 4 அடி அகலம், 1¾ அடி ஆழமுள்ள இரட்டைக் கதவுத் தேக்கு பீரோவில் 7 முதல் 9 கன அடி மரம் இருக்கும். மரக்கடையில் அன்றைய பழைய தேக்கு விலையைக் கேட்டுப் பெருக்கினால் வருவது அடிமட்ட விலை. அதற்குக் கீழே கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. இந்தக் கணக்கைத் தவிர அவரிடமிருந்து கற்க ஒன்றுமில்லை. பூட்டையோ சாவியையோ ‘காட்டிட்டு வரேன்’ என்று கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளின் பலம் மர அறிவும் நடப்பு விலையும். பர்மா தேக்கைத் தட்டிப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு. பலவீனம், செட்டிநாட்டுக் கதவுக்கும் ஊஞ்சலுக்கும் இருக்கிற ஓட்டம் மாதா கோயில் பாணிச் சாமானுக்கு இல்லை. ஆகவே முதலில் சொல்லும் விலை தாழ்ந்தே இருக்கும். பீரோவை வண்டி ஏற்றிக் கொண்டுபோக வேண்டாம். ஓர் இழுப்பறையும், டேப் வைத்து எடுத்த முன், பின், அடிப்பகுதிப் படங்களும் போதும். ‘நீங்கள் வாங்கினால் எவ்வளவு, கடையில் வைத்து விற்றால் எவ்வளவு’ என்று இரண்டையும் இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். முதலாவது இரண்டாவதில் பாதியாக இருந்தால் அது ஏமாற்று இல்லை. பழுதுபார்ப்பு, வாடகை, ஆள் வரும்வரை காத்திருப்பு எல்லாம் அந்த இடைவெளியில் அடக்கம்.

இணைய சேவை பவுண்டில் சொல்லும் தொகை இங்கே ஏன் செல்லாது என்பதற்குச் சட்டமே காரணம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய கைவினைப் பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. துபாயில் இருக்கும் மகன் வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். உண்மையிலேயே பழையதென்றால் அது கிடைக்காது. லண்டன் விலை கிடைக்கும் அளவுக்குப் பழையதானால் லண்டனுக்குப் போகாது. அங்கும் வடிவமைப்பாளர் பெயர் தெரியாத சாதாரண மரச்சாமான் விலை சில பத்தாண்டுகளாகச் சரிந்தே கிடக்கிறது. ஈட்டி மரமென்றால் 2017 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாடும் கூடச் சேரும்.

ஆழம் அதிகமாகவும், உள்ளே 3 அங்குல உயரத்தில் அகன்ற தட்டுகள் அடுக்கடுக்காகவும் இருந்தால் அது குருமார் அணியும் பூசை உடுப்புகளை மடிக்காமல் கிடத்தி வைக்கச் செய்தது. வாங்குபவர், அது மாதா கோயிலிலிருந்து எப்படி வெளியே வந்தது என்ற காகிதத்தைக் கேட்க வேண்டும். கலை, வரலாற்று மதிப்புள்ள அரும்பொருளை விற்க ரோமின் அனுமதியே தேவை என்கிறது திருச்சபைச் சட்டம், பங்குக் குருவின் வாய்ச்சொல் போதாது. காகிதம் உள்ள பீரோவுக்கு நல்ல விலை கேட்கலாம். இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாமல் இருப்பது உத்தமம்.

பாகப்பிரிவினைக்கோ காப்பீட்டுக்கோ எழுத்தில் மதிப்பு வேண்டுமென்றால் தேதி, நோக்கம், மர வகை, மாற்றப்பட்ட பாகங்கள் ஆகிய நான்கும் அதில் வர வேண்டும். காப்பீட்டுக்கு எழுதுவது அதேபோன்ற ஒன்றைக் கடையில் திரும்ப வாங்க ஆகும் செலவு. பாகத்துக்கு எழுதுவது இன்று விற்றால் கைக்கு வரும் தொகை. ஒன்றை எடுத்து மற்றதற்குப் பயன்படுத்தினால் அண்ணன் தம்பிக்குள் சண்டைதான் வரும்.