இம்ப்ளான்ட் பல்லு கட்டப் போறீங்களா, இத படிச்சுட்டு போங்க. எனக்கு 38,000 ரூபா போச்சு

நேத்து ராத்திரி பூராம் தூக்கமில்ல, விடிஞ்சதும் உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. கடைசில என்னென்ன கேக்கணும்னு வரிசையா எழுதுறேன், முதல்ல கதைய கேளுங்க.

கம்பத்துல ஜீப் மெக்கானிக் நான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டு மலையேறுற ஜீப்புகதான் நம்ம பொழப்பு. போல்ட்டு, நட்டு, மரை, இதுலயே 22 வருசம் ஓடிருச்சு. அப்பேர்ப்பட்ட என்னைய ஒரு பொடி போல்ட்டு வச்சு ஏமாத்திட்டாய்ங்க.

கீழ்த்தாடை வலது கடவாப்பல்லு போன வருசம் புடுங்குனது. பார்டர் தாண்டி அந்தப் பக்கம் ஒரு பல் ஆஸ்பத்திரி, பேரும் சொல்லல ஊரும் சொல்லல, கண்ணாடிக் கதவு, ஏசி, செவுரு பூராம் சிரிக்கிற மூஞ்சி. கேரளாக்காரங்க பல்லு வேலை சுத்தமா பாப்பாங்கன்னு நம்மூர்ல ஒரு பேச்சு இருக்குல்ல, அத நம்பி ஏறிப் போனேன்.

டாக்டர் அங்கயே இருக்கறவரு இல்ல, வெளியூர்ல இருந்து மாசம் ரெண்டு தடவ வர்றவராம். மேசைல ஒரு பொம்மைத் தாடைய வச்சு கழட்டி மாட்டிக் காமிச்சாரு. எலும்புக்குள்ள முறுக்குற டைட்டானியம் ஸ்க்ரூ ஒன்னு, ஃபிக்ஸ்சர்னு பேரு. அதுமேல ஈறுக்கு வெளிய வர்ற கழுத்து, அபட்மென்ட். அதுமேல தொப்பி மாதிரி பல்லு, கிரவுன். அபட்மென்ட்டையும் ஃபிக்ஸ்சரையும் சேத்து இறுக்கிப் புடிக்கிறது நடுவால போற ஒரே ஒரு ஸ்க்ரூ, ரெண்டு மில்லி கூட தடிமன் இருக்காது. நான் மெக்கானிக்னு சொன்னேன். சிரிச்சுட்டு, "அப்ப ஞான் பாடம் எடுக்கண்டா சேட்டா, எல்லாம் ஜீப்பு மாதிரிதான்"னாரு. அங்கதான் விழுந்தேன். நம்ம பாஷை பேசுறாருய்யா மனுசன்னு நெஞ்சு குளுந்து போச்சு. எந்தக் கம்பெனின்னு கேட்டேன், கேக்காம இல்ல. "ஃபாரின் ஐட்டம், லைஃப்டைம் வாரண்டி, ஒண்ணும் பேடிக்கண்டா", பயப்படாதீங்கன்னு தோள்ல தட்டுனாரு. அதோட வாய மூடிக்கிட்டேன். இதே ஒரு டிரைவர் பில்லும் டப்பாவும் இல்லாம ஸ்பேர் வாங்கிட்டு வந்தான்னா நான் வைற வசவுல அவன் மலை எறங்கிருவான்.

ஸ்க்ரூ வச்ச அன்னைக்கு 20,000, மூணு மாசம் கழிச்சு எலும்பு பிடிச்சப்புறம் பல்லு மாட்டுன அன்னைக்கு 18,000. மொத்தம் 38,000. எம்மகளுக்கு காலேஜ் பீஸுக்கு எடுத்து வச்ச காசு அது.

நாலு மாசம் நல்லா இருந்துச்சு. அப்புறம் சாப்புடையில லேசா ஆடுச்சு. போனேன். அந்த டாக்டர் வர்ற நாள் இல்லன்னு அங்க இருந்த சின்னப் பையன் ஒருத்தர் கிரவுன் மேல ஓட்டைய தொறந்து கைலயே முறுக்கிட்டு 300 ரூபா வாங்கிக்கிட்டாரு. டார்க் ரெஞ்ச், அதாங்க முறுக்குற பலத்த அளந்து முறுக்குற ஸ்பேனர், அது வைக்கலயான்னு கேட்டேன், "டைட்டாயிட்டுண்டு"ன்னாரு. எஞ்சின் ஹெட் போல்ட்ட எவனாச்சும் கை அளவுல விடுவானா? மூணு வாரத்துல மறுபடி ஆடுச்சு. மறுபடி 300. மூணாவது தடவ உள்ளுக்குள்ள டிக்குனு ஒரு சத்தம், பல்லு கழண்டு கைக்கு வந்துருச்சு, கூடவே பாதி ஸ்க்ரூ. மீதிப் பாதி உள்ள.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. போன் போட்டா "டாக்டர் லீவிலாணு". நேர்ல போனா "லேப்ல கேக்கணும்". அடுத்த வாரம் "நீங்க எலும்பு கடிச்சிருப்பீங்க". லைஃப்டைம் வாரண்டின்னு சொன்னீங்களேன்னா அது ஃபிக்ஸ்சருக்கு மட்டும்தானாம், மேல மாட்டுறதுக்கு இல்லயாம். பல்லு கட்டுறவன் மேல பல்லு இல்லாம ஸ்க்ரூவ மட்டும் எலும்புல வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்? கடைசில ரிசப்ஷன் பொண்ணு மெதுவா சொல்லுச்சு, டாக்டர் துபாய் போயிட்டாராம். அந்தப் பொண்ணு மேல கோவம் இல்ல.

நேத்து தேனில ஒரு டாக்டரம்மாகிட்ட போனேன். எக்ஸ்ரே எடுத்து கம்ப்யூட்டர்ல பெருசாக்கிக் காமிச்சாங்க. எலும்புல ஃபிக்ஸ்சர் பாறை மாதிரி நிக்குது. எலும்பும் டைட்டானியமும் ஒட்டிக்கிறது ஒன்னும் புதுசில்லங்க, சுவீடன்ல பிரோனமார்க்னு ஒருத்தர் 1965லயே மனுசனுக்கு வச்சுட்டாருன்னு சொன்னாங்க. கோளாறு பூராம் ஜாயின்ட்ல. பல்லு மாட்டுனப்ப எடுத்த பழைய எக்ஸ்ரே என் போன்ல இருந்துச்சு, அதுல ஃபிக்ஸ்சருக்கும் அபட்மென்ட்டுக்கும் நடுவுல மெலிசா ஒரு கருப்புக் கோடு, அதாவது இடைவெளி. எனக்குப் புரிஞ்சு போச்சு. வீல் ஹப்புல சரியா உக்காராம நட்ட மட்டும் டைட் வச்சா என்னாகும்? லோடு பூராம் நட்டு ஏறுற போல்ட்டுக்கு, அதான் ஸ்டட்டுக்கு வரும், முதல்ல லூசாகும், அப்புறம் கட்டாகும். அதேதான். ஒரு கம்பெனி ஃபிக்ஸ்சருக்கு ஏதோ லோக்கல் லேப் அபட்மென்ட்ட மாட்டிருக்காங்க போலன்னாங்க. உள்ள சாவி மாதிரி பொருந்துற இடம் கம்பெனிக்கு கம்பெனி மாறுமாம், சிலது ஆறு பட்டை, சிலது கூம்பு மாதிரி இறுகுறது, பாக்க ஒன்னு போல இருந்தாலும் முடி அளவு வித்தியாசம் போதும். ஸ்க்ரூவுக்கும் டார்க் உண்டு, பல கம்பெனில 30, 35 நியூட்டன் சென்டிமீட்டர், பத்து நிமிசம் விட்டு இன்னொரு தடவ அதே டார்க். நாங்களும் ஹெட் போல்ட்ட ரெண்டாவது தடவ பாக்குறமே!

ஒடஞ்ச ஸ்க்ரூவ அந்தம்மா பொறுமையா, பல்லு கிளீன் பண்ற அதிர்ற மிசின் முனைய வச்சு இடது பக்கமா தட்டித் தட்டியே வெளிய எடுத்துட்டாங்க, முக்கால் மணி நேரம், மரை தப்பிச்சுச்சு. கும்புடலாம்னு இருந்துச்சு. அப்புறம் கேட்டாங்க பாருங்க, "என்ன சிஸ்டம்ணே, ஸ்டிக்கர் குடுத்தாங்களா?" ஒவ்வொரு ஃபிக்ஸ்சர் டப்பாலயும் கம்பெனி, சைஸ், ரெஃப் நம்பர், லாட் நம்பர் போட்ட ஸ்டிக்கர் வருமாம், ஒன்ன நம்ம கைல குடுக்கணுமாம். எங்கிட்ட இருக்கறது "இம்ப்ளான்ட் டிரீட்மென்ட்"னு ஒரே வரி எழுதுன ரெண்டு ரசீது. நூத்துக்கணக்குல கம்பெனி இருக்கு, எக்ஸ்ரே வடிவத்த வச்சு ஊகிக்கத்தான் முடியும், தப்பா மாட்டுனா மறுபடி இதே கதைன்னுட்டாங்க. கம்பெனி தெரியலன்னா ஒன்னு அத ஈறுக்குள்ளயே மூடி தூங்க விடணும், இல்ல எலும்போட குடைஞ்சு எடுக்கணும். நல்லா பிடிச்சு நிக்கிற சாமான, பேரு தெரியாததுக்காக! அந்த ஆஸ்பத்திரிக்கு வாட்ஸ்அப்ல ரெஃப் நம்பர் கேட்டேன். "ஃபைல் நோக்கணும்"னு ஒரு பதில். அப்புறம் ரெண்டு நீல டிக், அவ்வளவுதான்.

38,000 ரூபா, அது போக அந்த 600, போக வர டீசல்.

வரிசையா எழுதுறேன்னேன், இப்ப கை ஓடல. ஸ்டிக்கர் வாங்காம சேர விட்டு எந்திரிக்காதீங்க, போட்டோ எடுத்து வீட்டுல ரெண்டு பேருக்கு அனுப்பி வைங்க. பில்லுல கம்பெனி பேரு இருக்கணும். அபட்மென்ட் அதே கம்பெனியான்னு கேளுங்க. பல்லு மாட்டுனதும் எக்ஸ்ரே எடுத்து கோடு இருக்கான்னு நீங்களே பாருங்க. வாரண்டின்னா எதுக்குன்னு எழுதி வாங்குங்க. ஆஸ்பத்திரி கேரளால இருந்தாலும் நாம குடியிருக்கற மாவட்டத்துலயே நுகர்வோர் கோர்ட்ல கேஸ் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 5 லட்சம் வரைக்கும் பீஸும் கிடையாது, நுகர்வோர் உதவி நம்பர் 1915க்கு போன் போட்டும் கேக்கலாம். திங்கக்கிழமை தேனிக்கு கெளம்புறேன்.

மேட்டுல ஒரு ஜீப்பு கியர் விழாம நிக்குதாம், பத்து பொம்பளைக ரோட்டுல உக்காந்துருக்காங்களாம். போயிட்டு வந்துட்டு மிச்சத்த எழுதுறேன்.