கணப்படுப்பு மரச் சட்டகம்: எல்லாம் சரி, அந்த இடப்பக்க மூலைதான்

கணப்படுப்பைச் சுற்றி நானே செய்து பொருத்திய மரச் சட்டகம் எப்படி இருக்கிறது என்று நண்பர் கேட்டார். அவரும் செய்யப்போகிறாராம். "அருமை"ன்னு சொல்லி போனை வைத்தேன். திரும்பினால் இடப்பக்க மூலை பல்லை இளிக்கிறது.

நிற்கும் பலகையும் கிடைப்பலகையும் 45 டிகிரியில் சேரும் இடம் அது. மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. காற்று காய்ந்தால் அகலவாக்கில்தான் சுருங்கும். அப்படிச் சுருங்கும்போது மூலையின் உட்பக்கம் வாய் திறக்கும். அகலமான பலகை என்றால் கேட்கவே வேண்டாம், என்னுடையதில் நகம் நுழைகிறது. சரி என்று குளிர்காலத்தில் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட்டும் அடித்தேன். ஈரக்காற்று வந்ததும் மரம் உப்பி, பட்டியை வெளியே தள்ளிவிட்டது. விரலை ஓட்டினால் மேடு தட்டுகிறது. அடுப்பு எரிகிற குளிரில்தான் எல்லோரும் அதன் முன்னால் வந்து உட்காருகிறார்கள், அப்போதுதான் இதுவும் திறக்கும். வரைபடத்தில் மட்டும் எவ்வளவு லட்சணமாக இருந்தது!

மற்றபடி குறை சொன்னால் பாவம். மேல்பலகையை ஆணியால் அடிக்கவில்லை. 45 டிகிரி சாய்வாக அறுத்த மரத்துண்டு ஒன்று சுவரில், அதற்கு ஜோடி பலகையின் பின்னால். தூக்கி மாட்டினால் முடிந்தது, கழற்றுவதும் அப்படியே. சுவருக்கு வெள்ளையடிக்கும்போது அதைச் செய்த கைக்கு முத்தமே கொடுக்கலாம் போலிருந்தது (என் கைதான்).

நெருப்பு விஷயத்தில் மட்டும் அழகு பார்க்காதீர்கள். அமெரிக்க வீட்டுக் கட்டட விதி, அடுப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியும் பொருளே கூடாது என்கிறது. 12 அங்குலத்துக்குள் வரும் மரம், விலகியிருக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 1/8 அங்குலம்தான் முன்னே நீட்டலாம். 8 அங்குலம் தள்ளியிருந்தால் 1 அங்குலம், அவ்வளவுதான். இடைப்பட்ட இடத்தில் நான் ஓடு பதித்திருக்கிறேன். உங்கள் ஊர் விதியையும் அடுப்புக் கையேட்டையும் பார்த்துவிட்டே ரம்பத்தை எடுங்கள்.

மூலையில் 45 வெட்டே வேண்டாம். சற்றுத் தடித்த சதுரக்கட்டை ஒன்றை வைத்து இரு பலகைகளையும் அதில் முட்டவிடுங்கள். சுருங்கினாலும் கோணல் இடுக்கு விழாது. இல்லையா, மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை போடுங்கள், இந்தச் சுருங்கல் உப்பல் அதில் மிகக் குறைவு. ஆனால் முனை அடிபட்டால் நசுங்கும், அறுக்கும்போது தூசி மூக்கை அடைக்கும்.

செய்யலாமா என்றால், இன்றைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். குளிர் போனபிறகு கேளுங்கள், வேறு சொன்னாலும் சொல்வேன்.