சலான் கைக்கு வந்தால் வரி கட்டியாயிற்று என்று அர்த்தமில்லை

சிறு பட்டறை, சிறு கடை நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். ஜிஎஸ்டி பணத்தைத் தன்னுடைய கணக்குக்கு அனுப்பச் சொல்கிற ஆலோசகர் யாராக இருந்தாலும், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், அனுப்பாதீர்கள். கோவையில் நானும் தம்பியும் நடத்தும் லேத் பட்டறை இதனால் மூடும் நிலைக்கே போய்விட்டது.

பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட், புஷ் கடைந்து கொடுக்கிறோம். ஜிஎஸ்டி பதிவு தம்பி பெயரில். அதை எடுத்துக் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் அலுவலகம் வைத்திருந்த ஒரு வரி ஆலோசகர். சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் இல்லை, ஆனால் இங்கே எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். (சி.ஏ. படிக்காமலே நேர்மையாக ஜிஎஸ்டி வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அதனால் அதை ஒரு குற்றமாகச் சொல்லவில்லை.) மாதாமாதம் பில்களை வாட்ஸப்பில் அனுப்பிவிடுவோம். "இந்த மாசம் இவ்வளவு வருதுங்க, போட்டு விட்டுருங்க, இருபதாம் தேதிக்குள்ள கட்டிடறேன்" என்பார். தம்பி அனுப்புவான். இரண்டு நாளில் சலான், அதாவது வரி கட்டும் படிவம், வந்துவிடும். தம்பி பெயர், ஜிஎஸ்டி எண், தொகை எல்லாம் அதில் சரியாக இருக்கும்.

அந்தச் சலானில்தான் மோசடியே இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் எவ்வளவு தொகைக்கும் ஒரு சலான் உருவாக்கலாம். அப்போது அதற்கு சிபிஐஎன் என்று 14 இலக்க எண் கிடைக்கும். 15 நாளுக்குள் பணம் கட்டவில்லை என்றால் அது தானாகவே காலாவதியாகிவிடும். பணம் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தால்தான் வங்கி வழியாக சிஐஎன் என்ற 17 இலக்க எண் வரும். எங்களுக்கு வந்தவற்றில் சிபிஐஎன் மட்டுமே இருந்தது. அதாவது எல்லாமே பணம் கட்டாத வெறும் படிவங்கள். பணம் அவரிடமே தங்கிவிட்டது.

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். அங்கேதான் அந்த ஆளின் சாமர்த்தியம். ஆரம்பத்தில் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எங்கள் பில்களை ஒழுங்காக ஏற்றியிருக்கிறார். அதனால் வாங்கின கம்பெனிகளுக்கு உள்ளீட்டு வரி (எங்கள் பில்லில் கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) போய்ச் சேர்ந்துவிட்டது, யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் வரி கட்ட வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை மட்டும் 'நில்', அதாவது ஒன்றுமே இல்லை, என்று போட்டிருக்கிறார். அப்புறம் 3பி போடுவதையே விட்டுவிட்டார். முந்தைய மாத 3பி போடாமல் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. எங்கள் பில்கள் தளத்தில் ஏறுவது அத்தோடு நின்றது. வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் ஒரு கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க, உங்க பில்லு ஒண்ணுமே எங்க 2பி-ல காணோம்ங்க. வரித் தொகையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இனி பேமெண்ட் போட முடியும்" என்றார். 2பி என்பது, விற்றவர்கள் ஏற்றிய பில்களை வாங்கியவருக்குத் தளம் காட்டும் பட்டியல்.

ஆலோசகரைக் கேட்டால் சர்வர் ஸ்லோ, தளம் அப்டேட் ஆகவில்லை என்று நாள் கடத்தினார். கடைசியில் பக்கத்துப் பட்டறையின் கணக்காளர் தன் போனிலேயே எங்கள் ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிக் காட்டினார். லாகின் எதுவும் தேவையில்லை. தளத்தின் முகப்பில் வரி செலுத்துவோரைத் தேடும் இடத்தில் எண்ணைப் போட்டால், எந்த மாத ரிட்டர்ன் (வரிக் கணக்குப் படிவம்) எந்தத் தேதியில் போடப்பட்டது என்று பட்டியலே வருகிறது. எங்களுடையதில் கடைசி மாதங்களுக்கு ஒன்றுமே இல்லை. மேலே பதிவு ரத்து என்று இருந்தது.

தொடர்ந்து ஆறு மாதம் ரிட்டர்ன் போடாவிட்டால் துறை பதிவை ரத்து செய்யலாம். அதற்கு முன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார்கள், எங்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பதிவெடுத்த அன்றே அந்த ஆள் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும்தான் தளத்தில் கொடுத்திருக்கிறார். ஓடிபி, நோட்டீஸ், ரத்து ஆணை எல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. பாஸ்வேர்டும் அவரிடம். இதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

வரி அலுவலகத்தில் தம்பியின் அடையாளச் சான்றுகளைக் கொடுத்தோம். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான வரி அதிகாரியே புதிய எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித் தந்தார், புது லாகின் வந்தது. உங்கள் விவரங்களும் இப்படி வேறொருவர் கையில் இருந்தால் இதுதான் வழி. ஆலோசகர் கெஞ்சிக் கேட்டாலும் மிரட்டினாலும் பழைய பாஸ்வேர்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். அதே அதிகாரி இன்னொன்றும் சொன்னார்: ரிட்டர்னை யார் தயாரித்தாலும் அதில் இருப்பதற்குப் பதிவுதாரர்தான் பொறுப்பு, ஜிஎஸ்டி சட்டம் 48ஆம் பிரிவிலேயே அப்படி இருக்கிறது. ஆக, அவரிடம் கொடுத்த வரியை மறுபடியும் நாங்களே கட்டினோம். வருடத்துக்கு 18 சதவீத வட்டி. தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய், எங்களைப் போல ஒன்றரைக் கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 வரைதான். பதிவு ரத்தானதை நீக்கச் சொல்லிக் கேட்க, ரத்து ஆணை வந்ததிலிருந்து 90 நாள் அவகாசம், அதற்குள் போய்விட்டோம். அம்மாவின் நகைதான் அடகுக்குப் போனது.

திரும்ப வராத நஷ்டம் வேறு. 'நில்' போட்ட மாதங்களில் நாங்கள் வாங்கிய இரும்புக்குக் கட்டிய 18 சதவீத வரியை அவர் உள்ளீடாக எடுக்கவே இல்லை. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 தாண்டினால் அதை எடுக்க முடியாது. தாண்டிவிட்டது.

இப்போது வரியை நெட் பேங்கிங்கில் நாங்களே நேராகக் கட்டுகிறோம். வேறொரு ஆலோசகர் பார்க்கிறார், ஓடிபி தம்பி போனுக்குத்தான் வருகிறது. பாஸ்வேர்டு கொடுக்காமலே ஜிஎஸ்டி பிராக்டிஷனரை நியமிக்கத் தளத்திலேயே வசதி இருக்கிறது, நீக்கவும் முடியும். உங்கள் எண்ணை இன்று இரவே தேடிப் பாருங்கள்.

மாநகரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். எங்கள் பகுதியிலேயே இன்னும் சிலர் அவரிடம் பணம் கொடுத்திருப்பதாகத் தெரிகிறது. அப்படிக் கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர் அனுப்பிய சலான்களையும், பணம் போன வங்கி விவரத்தையும், வாட்ஸப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். புகார் கொடுக்கும்போது முதலில் அவற்றைத்தான் கேட்டார்கள்.