'முழு சர்வீஸ் முடிந்தது' என்று விற்கப்படும் பழைய எச்.எம்.டி கடிகாரங்கள்: ஓர் எச்சரிக்கை

அன்றாடம் கட்டிக்கொள்வதற்காக, சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றை ஐயாயிரம் ரூபாய்க்குள் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பழைய கடிகாரங்களை இணையத்தில் விற்கும் ஒருவரிடம் 4,800 ரூபாய்க்கு நான் வாங்கிய எச்.எம்.டி பைலட் என்னும் மாடல், அவர் விளம்பரத்தில் சொன்ன எதற்கும் பொருந்தாத ஒரு பொருளாக இருந்தது. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் இப்படி விற்கிறார் என்றால் எச்சரிக்கையே தேவைப்பட்டிருக்காது. இந்த முறையிலேயே விற்பவர்கள் பலர் இருப்பதால், முறையைத் தெரிந்துகொள்வதுதான் வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு.

விளம்பரத்தில் இருந்தவை இவை: 1970-களின் இறுதியில் தயாரானது, யாரும் கட்டாமல் பெட்டியிலேயே இருந்தது, அண்மையில் முழு சர்வீஸ் முடிந்தது, மழையில் நனைந்தாலும் கவலையில்லை. கறுப்பு டயல் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. எண்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன. கூடவே, நொடிமுள் ஓடுவதைக் காட்டும் சிறு காணொளி ஒன்றும் இருந்தது. எச்.எம்.டி நிறுவனம் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் கடிகார ஆலையைத் தொடங்கி, பின்னர் தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று விரிந்து, பல தலைமுறைகளுக்குக் கடிகாரம் செய்து கொடுத்தது என்பதும், கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது என்பதும் பலருக்குத் தெரியும். மூடப்பட்ட ஆலையின் சரக்கு எங்கோ ஒரு கடையில் விற்காமல் தேங்கிக் கிடந்தது என்று ஒருவர் சொன்னால், அது நடந்திருக்கக்கூடியதுதானே என்று தோன்றும். இந்த நம்பகத்தன்மையைத்தான் அவர்கள் விலையாக மாற்றுகிறார்கள்.

வந்து சேர்ந்த கடிகாரம் நாளொன்றுக்கு ஏழெட்டு நிமிடம் முந்தி ஓடியது. இரவு கழற்றி மேசைமேல் வைத்தால், முழுதாகச் சாவி கொடுத்திருந்தும் விடிவதற்குள் நின்றிருந்தது. இந்த வகைக் கடிகாரம் நல்ல நிலையில் இருந்தால் ஒருமுறை சாவி கொடுத்து ஒன்றரை நாள் ஓட வேண்டும். சில வாரங்களில், வார் மாட்டும் கொம்புகளின் உட்பக்கத்தில் முலாம் உரிந்து பித்தளை மஞ்சளாகத் தெரியத் தொடங்கியது. திருச்சி வெயிலில் வியர்வை பட்ட இடத்தில் பச்சையாகக் களிம்பு பிடித்தது. பெட்டியிலேயே இருந்த கடிகாரத்துக்கு இவ்வளவு விரைவில் இப்படி ஆகாது. குழிவிழுந்து தேய்ந்த பழைய கூட்டை ராவி மெருகேற்றி, மேலே மெல்லியதாகப் புது முலாம் பூசியிருந்தார்கள். ராவும்போது கொம்புகளின் கூர்மையான ஓரங்கள் மழுங்கி உருண்டுவிடும். வார்க்கம்பி மாட்டும் துளைகள் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கும். நேர் எதிரே இருந்து எடுத்த படத்தில் இவை இரண்டுமே தெரியாது; பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் உடனே தெரிந்துவிடும்.

பெரிய கடை வீதிப் பக்கம் நெடுங்காலமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இத யாரும் பிரிச்சே பாக்கல. மேல எண்ணெய மட்டும் விட்டிருக்காங்க," என்றார். லென்ஸை என்னிடம் கொடுத்து அவர் காட்டியதை நானும் பார்த்தேன். இப்படியும் அப்படியும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் வீலுக்கு மேலிருக்கும் ஹேர் ஸ்ப்ரிங் என்ற மெல்லிய கம்பியின் சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக விரிந்து சுருங்க வேண்டும். என் கடிகாரத்தில் எண்ணெய் அந்தச் சுருள்கள்மேலும் வழிந்து, மூன்று நான்கு சுருள்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. சுருள்கள் ஒட்டினால் ஸ்ப்ரிங்கின் நீளம் குறைந்தது போலாகி, வீல் வேகமாக ஆடும். கடிகாரம் நிமிடக்கணக்கில் முந்தி ஓடும். கீழே பற்சக்கரங்களின் அச்சுகள் உட்காரும் இடங்களிலோ பல வருட எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி இருந்தது. அந்த அழுக்கின் மேலேயே புது எண்ணெயை விட்டிருந்ததால், கடிகாரம் காணொளி எடுக்கும் அளவுக்கு ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

டயலைக் கழற்றியபோது நிலைமை இன்னும் மோசம் என்று தெரிந்தது. டயலின் பின்புறம் இரண்டு சிறிய கால்கள் இருக்கும். அவற்றை இயந்திரத்தின் பக்கவாட்டிலுள்ள திருகுகள் பிடித்துக்கொள்ளும். என் டயலில் இரண்டு கால்களுமே வெட்டப்பட்டிருந்தன. டயலை இயந்திரத்தோடு பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் பசையில் ஒரு துளி நடுவிலுள்ள மணிமுள் சக்கரத்தின் ஓரம் வரை வந்து காய்ந்திருந்தது. மணிமுள்ளும் நிமிடமுள்ளும் வேறு ஏதோ மாடலிலிருந்து எடுத்தவை என்று பெரியவர் சொன்னார். நிமிடமுள் டயலின் நிமிடக் கோடுகளை எட்டவே இல்லை என்பதை அதற்குப் பிறகு வெறுங்கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

பழைய டயலுக்கு மறுபடி வண்ணம் பூசி எழுத்து அச்சிடுவது நம் நாட்டில் வெகுகாலமாக இருக்கும் தொழில். இப்படிச் செய்யப்பட்ட கடிகாரங்களுக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலை நான் குறை சொல்லவில்லை. அரித்துப்போன டயலைப் புதுப்பித்து, புதுப்பித்தது என்று சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்குக் கொடுத்தால், அன்றாடம் கட்டுகிறவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. புதுப்பித்ததை மறைத்து, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்று சொல்லி இரண்டு மடங்கு விலை வாங்குவதுதான் மோசடி.

இதைக் கண்டுபிடிக்க டயலை நெருக்கமாக எடுத்த படம் ஒன்று போதும். ஆலை அச்சில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாகவும் மை ஒரே சீராகவும் இருக்கும். மறுபூச்சில் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். அதிர்ச்சி தாங்கும் அமைப்பைக் குறிக்கும் 'பாராஷாக்' போன்ற சிறிய எழுத்துகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டும். நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காமல் கொஞ்சம் விலகும். இருட்டில் ஒளிரும் பூச்சையும் பாருங்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பூச்சு மங்கி மஞ்சளித்திருக்கும், பெரும்பாலும் ஒளிரவே ஒளிராது. என் கடிகாரம் இருட்டறையில் பச்சையாகப் பளிச்சென்று ஒளிர்ந்ததே, அது அண்மையில் பூசப்பட்டது என்பதற்குச் சான்று. எச்.எம்.டிக்குப் பதில் ஜப்பானின் பழைய சீக்கோ 5 கடிகாரம் வாங்க நினைப்பவர்களுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு. சீக்கோவின் பின்மூடியில் 7009, 6309 என்பது போல இயந்திர எண்ணும் அதைத் தொடர்ந்து கூட்டின் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். டயலின் அடி ஓரத்திலும் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள் பின்மூடியின் முதல் நான்கு இலக்கங்களோடு ஒத்துப்போகாவிட்டாலோ, டயலில் அந்த எண்ணே இல்லாவிட்டாலோ, விற்பவரிடம் காரணம் கேளுங்கள்.

ஆயினும் டயலைவிட நான் அதிகம் வற்புறுத்த விரும்புவது 'சர்வீஸ்' என்ற சொல்லைப் பற்றித்தான். அன்றாடம் கட்டுகிறவர் பணம் கொடுப்பது இயந்திரத்தின் ஆரோக்கியத்துக்கு. இந்த வியாபாரத்தில் மிக எளிதாகச் சொல்லப்படும் பொய்யும் அதைப் பற்றியதுதான். சர்வீஸ் என்றால் இயந்திரத்தை முழுவதும் பிரித்து, ஒவ்வொரு உறுப்பையும் கழுவி, தேய்ந்ததை மாற்றி, எந்த இடத்துக்கு எந்த எண்ணெய் எவ்வளவு என்று பார்த்து இட்டு, மறுபடி பூட்டி, நேரத்தைச் சரிசெய்வது. அதைச் செய்தவர் பெயரும் தேதியும் உள்ள ரசீதைக் கேட்டால் நேர்மையான விற்பனையாளர் கொடுப்பார், அல்லது சர்வீஸ் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்வார். ரசீது இல்லை என்றால், பின்மூடியைத் திறந்து எடுத்த தெளிவான படத்தையும், டைம்கிராஃபர் என்னும் சோதனைக் கருவி காட்டும் அளவுகளின் படத்தையும் கேளுங்கள். பைலட்டிலும், எச்.எம்.டியின் இன்னொரு மாடலான ஜனதாவிலும் இருக்கும் 0231 இயந்திரம் 17 ஜுவல், அதாவது அச்சுகள் தேயாமல் தாங்கும் சிறு கற்கள், கொண்டது. மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிப்பது. முழுதாகச் சாவி கொடுத்து டயல் மேலே பார்க்கும்படி கிடத்தி வைத்தால், பேலன்ஸ் வீலின் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் அது சுழலும் அளவு, ஏறக்குறைய 250 முதல் 300 பாகை வரை இருப்பது நல்ல நிலை. 200-க்குக் கீழே இறங்கினால் இயந்திரம் அழுக்காகவோ தேய்ந்தோ இருக்கிறது என்று பொருள். எனக்கு வந்ததில் அது 170-ஐத் தாண்டவில்லை. ஓடும் காணொளியை மட்டும் சான்றாக ஏற்காதீர்கள். கையில் எடுத்து ஆட்டினால் அழுக்கேறிய கடிகாரமும் சிறிது நேரம் ஓடும்.

தண்ணீர் பற்றிய வாக்குறுதி இவற்றையெல்லாம்விடப் பொறுப்பற்றது. இவ்வளவு பழைய கூட்டில் பின்மூடியின் ரப்பர் வளையம் இறுகியோ உதிர்ந்தோ போயிருக்கும். சாவித் தலையின் வழியாகவும், மேலே அழுத்திப் பொருத்திய அக்ரிலிக் கண்ணாடியின் ஓரத்திலும் ஈரம் புகும். விற்பவரின் வார்த்தையை நம்பித் தூறலில் கட்டிக்கொண்டு போன ஒரு நாளில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. உள்ளிருக்கும் எஃகு உறுப்புகள் துருப்பிடிக்க அது போதும். பழைய கடிகாரத்தைத் தண்ணீருக்குத் தாங்கும் என்று சொல்லி விற்பவர் மற்ற எதில் உண்மை சொன்னாலும் அவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர் எழுதிக் கொடுத்த குறிப்பையும் டயலின் பின்புறப் படங்களையும் அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பழைய பொருளுக்குத் திருப்பித் தருகிற வழக்கமே இல்லை என்று முதலில் பதில் வந்தது. பிறகு, கடிகாரத்தை வேறொருவர் திறந்துவிட்டதால் தமக்குப் பொறுப்பில்லை என்றார். அதற்குப் பின் என் தொலைபேசி எண்ணையே முடக்கிவிட்டார். இந்த இடத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மைகள் இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பணத்தைத் தர மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். ஆணையத்துக்கான மனுவும் தயாராகிறது. இதற்கெல்லாம் சான்று வேண்டும் என்பதால், விளம்பரம் நீக்கப்படுவதற்கு முன்பே அதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ், டயல், திருப்பித் தரும் கெடு ஆகிய மூன்றையும் தொலைபேசியில் பேசி முடிக்காமல் எழுத்தில் வாங்குங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள்.

எச்.எம்.டி வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த விலையில் 0231 போல எளிமையான, உதிரி உறுப்பு தாராளமாகக் கிடைக்கிற, ஊர்க் கடையிலேயே பழுதுபார்த்துவிடக்கூடிய இயந்திரம் வேறு கிடைப்பது அரிது. முடிந்தால், வாங்கப்போவதைப் பழுதுபார்ப்பவரிடமே போய்க் கேளுங்கள். அவர் கையில் சர்வீஸ் ஆன ஒரு ஜனதா, டயலில் கறை இருந்தாலும், என் பளபளக்கும் பைலட்டைவிட நன்றாக ஓடும்.

கடைசியாக ஒன்று. நான் வாங்கிய கடிகாரம் என் மேசையில் கிடக்கும்போதே, அதன் படங்கள் வேறொரு பெயரில், 5,200 ரூபாய் விலையில் மறுபடி விளம்பரமாக வந்திருக்கின்றன. கூட்டின் ஓரத்தில் நான்காம் எண்ணுக்கு நேரே உள்ள சாய்ந்த வெட்டு படத்தில் அப்படியே தெரிகிறது. ஆகவே எந்த விற்பனையாளராக இருந்தாலும், அன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் ஒரு தாளில் எழுதி, கடிகாரத்தை அதன்மேல் வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு விலை பேசுங்கள்.