ஒற்றை விசிறியா, இரட்டை விசிறியா: பழுது பார்ப்பவர் பக்கமிருந்து ஓர் ஒப்பீடு

ரிமோட்டில் பறக்கும் பொம்மை ஹெலிகாப்டர்களில் இரண்டு வகைகள் பரவலாகக் கிடைக்கின்றன. இரட்டை விசிறி வகையில், ஒரே அச்சில் மேலும் கீழுமாக இரண்டு விசிறிகள் எதிரெதிர்த் திசைகளில் சுழலும். ஒற்றை விசிறி வகையில், தலையில் ஒரு பெரிய விசிறியும் அதன் திருகுவிசையை (அது சுழலும்போது உடலை எதிர்த் திசையில் திருப்பும் விசையை) ஈடுகட்ட வாலில் ஒரு சிறு விசிறியும் இருக்கும். இரண்டையும் கழற்றி மாட்டிய பிறகு, அடுத்த முறை நான் வாங்கியது இரட்டை விசிறி வகையைத்தான். வேகத்திலும், திறந்தவெளிக் காற்றைத் தாங்குவதிலும் ஒற்றை விசிறியே மேல் என்பதில் ஐயமில்லை. பேட்டரிக் கோளாறுகள் இரண்டுக்கும் பொது: 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் செய்யாமல் அகற்றிவிட வேண்டும்.

என் தேர்வைத் தீர்மானித்தது, கோளாறு எங்கே இருக்கிறது என்பதைப் பொம்மையே காட்டிக்கொடுக்கிறதா என்ற ஒரே கேள்விதான். மேலே எழும்பியதும் தன்னைத்தானே சுற்றத் தொடங்குவதுதான் இவற்றில் அடிக்கடி வரும் தொல்லை. ரிமோட்டின் டிரிம் பொத்தானாலும் (சிறு சாய்வுகளைச் சரிக்கட்டும் பொத்தான்), சமதளத்தில் வைத்து மீண்டும் இயக்குவதாலும் அது சரியாகாவிட்டால், இரட்டை விசிறி வகையில் உடல் சுற்றும் திசையைக் கவனித்தாலே போதும். அதே திசையில் சுழலும் விசிறிதான் சோர்ந்திருக்கிறது. அந்த விசிறிக்குரிய பற்சக்கரத்தை விரலால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். சக்கரம் திரும்பியும் விசிறி அசையாவிட்டால் சக்கரம் தண்டில் வழுக்குகிறது. இரண்டும் இறுக்கமாகத் திரும்பினால், பெரும்பாலும் தண்டின் அடியில் தலைமுடியோ கம்பள நூலோ சுற்றிக்கொண்டிருக்கும், அதை ஊசியால் எடுத்துவிடலாம். இரண்டும் இலகுவாகத் திரும்பியும் வேகம் கூடாவிட்டால், மோட்டாரின் பிரஷ் (உள்ளே சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கொடுக்கும் முனை) தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஒற்றை விசிறி வகையிலோ, வால் மோட்டார் தேய்ந்தாலும், வால் குழாய்க்குள் செல்லும் மயிரிழைக் கம்பி அறுந்தாலும், கைரோ (உடல் திரும்புவதை உணரும் கருவி) பிசகினாலும், வால் விசிறி அச்சில் தளர்ந்தாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: உடல் பெரும்பாலும் தலை விசிறிக்கு எதிர்த் திசையில் சுற்றும். எது காரணம் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வருவதற்குள் பொறுமை போய்விடும். அத்துடன், வால் மோட்டார் நின்றால் பறப்பதே நின்றுவிடும். இரட்டை விசிறி வகையின் வாலில் படுக்கையாக இருக்கும் குட்டி விசிறி முன்னும் பின்னும் நகர்வதற்கு மட்டுமே உதவுவதால், அது கெட்டாலும் எழும்பவும் திரும்பவும் தடையில்லை.

இரட்டை விசிறியிலும் குறை உண்டு. வெளித்தண்டுக்குள் செல்லும் உள்தண்டு ஒரு விழுகையில் வளைந்துவிட்டால் பொம்மை முழுவதும் அதிரும். அதை மாற்ற, மேல் விசிறியையும் சமநிலைத் தண்டின் (ஆட்டத்தைக் குறைக்க விசிறிக்கு மேலே இருக்கும் எடைக்கோல்) நுண்ணிய இணைப்புகளையும் கழற்றியாக வேண்டும். பிரஷ் இல்லாத மோட்டார் பொருத்திய ஒற்றை விசிறி வகைகளில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு. ஆகவே இங்கே சொன்னது பிரஷ் மோட்டார் பொம்மைகளுக்கு மட்டுமே பொருந்தும்.