வெளுத்ததெல்லாம் ஒரே கொக்கு அல்ல

நடவு வயலில் வெள்ளையாக நிற்பதையெல்லாம் சேர்த்து "கொக்கு 50" என்று குறித்துவைப்பவர்கள் உண்டு. அந்த ஐம்பதில் நான்கு இனங்கள் இருக்கலாம்: பெரிய கொக்கு, நடுத்தரக் கொக்கு, சின்னக் கொக்கு, உண்ணிக்கொக்கு. கடலோரமானால் ஐந்தாவதாகக் கடற்கரைக் கொக்கும் சேரும். புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் உயரத்தையும் அலகின் நிறத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. பக்கத்தில் இன்னொரு பறவை நின்றால்தான் உயரத்தை அளக்க முடியும். நிறமோ பருவத்துக்குப் பருவம் மாறும். கடைவாய், கழுத்து, தாடை, நடை ஆகியவைதான் நம்பத்தக்கவை.

பெரிய கொக்கா, நடுத்தரக் கொக்கா?

அதிகம் குழப்புவது இந்த ஜோடிதான். கூடுகட்டாத காலத்தில் இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கருங்கால். பெரியது ஏறக்குறைய 90 செ.மீ., நடுத்தரம் 65 முதல் 70 செ.மீ. என்று கையேட்டில் இருக்கும். வெட்டவெளியில் தனியாக நிற்கும் பறவையிடம் அந்தக் கணக்கு செல்லாது.

முதலில் கடைவாயைப் பாருங்கள். அலகு பிளக்கும் கோடு கண்ணுக்கு அடியில் ஓடி, கண்ணையும் தாண்டிப் பின்னால் கூர்மையாக முடிந்தால் அது பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. இதற்குத் தலை பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். 8x42 இருநோக்கியில் ஐம்பது அறுபது மீட்டருக்குள் தெரிந்துவிடும். அதற்கு மேல் போனால் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வேண்டும், இல்லையென்றால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். படம் எடுக்கும்போது எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்துவிடுங்கள். குறைக்காவிட்டால் வெயிலில் முகம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பார்க்க வந்த கோடும் அதில் கரைந்துபோகும்.

அடுத்தது கழுத்து. பெரிய கொக்கின் கழுத்து உடலைப் போல ஒன்றரை மடங்கு நீளம். நடுவே ஒடிந்ததுபோல ஒரு முடிச்சு துருத்தும். நடுத்தரத்தின் கழுத்து ஏறக்குறைய உடல் நீளமே. சீராக வளையும், முடிச்சு எடுப்பாகத் தெரியாது. தலை உருண்டை, அலகு கட்டை. ஆனால் கழுத்தைச் சுருக்கிக் குறுகி நிற்கும் பறவையிடம் இதை நம்பாதீர்கள். கழுத்தை நீட்டும்வரை காத்திருப்பதே வழி.

அலகு நுனியில் கறுப்பு இருந்தால் நடுத்தரம் என்று சொல்வதுண்டு. பல நேரம் சரிதான். ஆனாலும் பெரிய கொக்கின் மஞ்சள் அலகு பருவம் மாறும்போது கறுக்கும்; பாதி நிறம் மாறிய அலகு ஏமாற்றிவிடும். கூடுகட்டும் காலத்தில் இரண்டுக்குமே அலகு முழுக்கக் கறுப்பு. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வேடந்தாங்கலில் பார்ப்பவர்கள் அலங்கார இறகுகளைக் கவனிக்கலாம். பெரியதற்கு முதுகில் மட்டுமே தோகை. கண்முன் தோல் நீலப்பச்சை. நடுத்தரத்துக்கு முதுகிலும் மார்பிலும் தோகை உண்டு. இரண்டுக்கும் கொண்டை கிடையாது.

நடுத்தரமா, உண்ணிக்கொக்கா?

தூரத்தில், புல்லுக்குள், இரண்டும் மஞ்சள் அலகோடு குறுகி நிற்கும்போது தடுமாற்றம் வரும். தாடையைப் பாருங்கள். உண்ணிக்கொக்கின் மோவாய் இறகுகள் அலகுக்கு அடியில் முன்னால் தள்ளிவந்து, கன்னம் உப்பியதுபோலக் காட்டும். 50 செ.மீ. அளவே உள்ள பறவை, கழுத்தும் குட்டை. தலையை முன்னும் பின்னும் ஆட்டியபடி நடக்கும். நடுத்தரம் நிதானமாக அடியெடுத்து வைக்கும். மாட்டின் காலடியில் நிற்பதெல்லாம் உண்ணிக்கொக்கு என்று மட்டும் முடிவுகட்ட வேண்டாம்: சேடை (நடவுக்கு முந்தைய சேற்றுழவு) ஓட்டும் டிராக்டருக்குப் பின்னால் நான்கு இனமும் வரும், மடையானும் வரும். (உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் திடீரென வெள்ளை இறக்கை என்றால் அது மடையான்.) இனப்பெருக்கக் காலத்தில் உண்ணிக்கொக்கின் தலை, கழுத்து, முதுகெல்லாம் ஆரஞ்சாகிவிடும், அப்போது கேள்விக்கே இடமில்லை.

சின்னக் கொக்கு எளிது என்று நினைக்காதீர்கள்

கறுத்த மெல்லிய அலகு, கருங்கால், மஞ்சள் பாதம் என்பது சின்னக் கொக்குக்கான பாடம். மஞ்சள் பாதம் சேற்றுக்குள் இருக்கும், அல்லது சேறு பூசிக் கறுத்திருக்கும். பறந்து எழும்போது வால் தாண்டி நீளும் பாதத்தைப் பாருங்கள். அல்லது நீரில் ஒரு காலை நடுக்கி மீனை விரட்டும்போது பாருங்கள். "கொக்குக்கு ஒன்றே மதி" என்ற பழமொழி அசையாமல் நிற்கும் பெரிய கொக்குக்குப் பொருந்தும். ஓடி, திரும்பி, இறக்கையை விரித்துக் குதிக்கும் சின்னக் கொக்கைப் பார்த்து யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கூடுகட்டும் காலத்தில் பிடரியில் இரண்டு நீள இறகுகள் தொங்கும். நான்கில் இதற்கு மட்டுமே அந்த அடையாளம்.

இங்கே ஒரு பொறி உண்டு. கூட்டைவிட்டுப் புதிதாக வெளிவந்த உண்ணிக்கொக்குக் குஞ்சுக்கு அலகு கறுப்பு. கூடுகட்டும் மரங்களுக்கு அருகில் அதைச் சின்னக் கொக்கு என்று எழுதிவிடுவார்கள். அலகு கட்டையாக, தடிப்பாக இருந்து, பாதமும் கறுத்திருந்தால் அது உண்ணிக்கொக்கின் குஞ்சு.

கோடியக்கரை, மன்னார் வளைகுடாப் பக்கம் போனால் கடற்கரைக் கொக்கின் வெள்ளை வடிவத்தையும் மனத்தில் வையுங்கள். சாம்பல் வடிவத்தில் சிக்கல் இல்லை. வெள்ளை வடிவத்தின் அலகு சின்னக் கொக்கினுடையதைவிடத் தடிப்பு, லேசாகக் கீழ்நோக்கி வளைந்தது, மஞ்சளோ பழுப்போ கலந்தது. சின்னக் கொக்கோடு கலப்பினம் உண்டாவதால் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம்.

இபேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவேட்டில் பதிவிடுபவர்களுக்கு: நடுத்தரக் கொக்கு, உண்ணிக்கொக்கு ஆகிய ஒவ்வொன்றையும் அண்மையில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களாகப் பிரித்துவிட்டதால் நம் ஊர்ப் பறவைகள் இப்போது 'மீடியம் இக்ரெட்', 'ஈஸ்டர்ன் கேட்டில் இக்ரெட்' என்ற பெயர்களில் இருக்கின்றன. பின்னதன் அறிவியல் பெயரில் வரும் 'கொரமாண்டா' (முன்பு 'கொரமாண்டஸ்') நம் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சொல். முகமும் தெரியாமல், பாதமும் தெரியாமல் பறந்துபோனவற்றுக்கு 'வெண்கொக்கு, இனம் தெரியவில்லை' என்ற பதிவே போதும்.